உழைக்கும் கை ஏடேறிய கதை

அறிவு ஏட்டிலே, உழைப்பு கையிலே. இரண்டுக்கும் உறவில்லை என்று நெடுங்காலம் சொல்லி வந்தார்கள். அந்தச் சுவரை இடித்த நூல்களில் ஒன்றை நாம் மறக்கலாகாது. பாரிஸ் நகரில் 1751இல் வெளிவரத் தொடங்கிய பிரெஞ்சுக் கலைக்களஞ்சியமே அது.

அதன் ஆசிரியர் திதெரோ, கத்தி செய்யும் பட்டறைக்காரரின் மகன். தொழில் நுணுக்கத்தைச் சொல்லால் மட்டும் விளக்க முடியாது, படம் வேண்டும் என்று கண்டார். கூசியே என்ற ஓவியர் பட்டறைகளுக்கே போய்ப் பார்த்து வரைந்தார். அவர் வரைந்தவை மட்டும் 900க்கு மேல்!

அந்தப் படங்களைச் செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கினர். பள்ளங்களில் மை நிரப்பி, மேற்பரப்பைத் துடைத்து, ஈரத் தாளை வைத்து உருளையால் அழுத்தினர்.

1759இல் அரசு நூலின் உரிமத்தைப் பறித்தது. படங்களுக்கோ தனி அனுமதி கிடைத்தது. 1762 முதல் 1772 வரை 11 படத் தொகுதிகள் வந்தன. குண்டூசி, காகிதம், கண்ணாடி என எத்தனையோ தொழில்கள். பல படங்களில் மேலே பட்டறை, கீழே அதன் கருவிகள்!

குறை இல்லாமலில்லை. அப்படங்களில் புகையில்லை, பசியில்லை. வேலை செய்பவனின் பெயருமில்லை. கை ஏடேறியது, பெயர் ஏறவில்லை.

தோழர்களே! நம் தறியின், உலையின், அச்சுக்கூடத்தின் நுணுக்கங்களை நாமே எழுதி வைப்போம். கற்றுத் தந்தவரின் பெயரையும் சேர்த்தே எழுதுவோம்!