அறிகுறி தோன்றும் முன்பே குறையும் இதயத் திறன்

வேலூர் லாங் பஜாரில் உங்களுக்கு ஒரு மொத்த வியாபாரக் கடை இருப்பதாகக் கொள்வோம். முன்பு மாடிக் கிடங்கிற்கு நீங்களே ஏறிச் சரக்கைச் சரிபார்த்தீர்கள். இப்போது கடைப் பையனை அனுப்புகிறீர்கள். கேட்டால் வயதையும் வெயிலையும் சொல்வீர்கள். ஆம்பூர்த் தோல் தொழிற்சாலையில் பணிபுரிபவர் அதே களைப்பிற்குத் தூசியைக் காரணம் காட்டுவார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், பல ஆண்டுகளாக உயர் இரத்த அழுத்தமோ நீரிழிவோ உள்ளவர்கள் இதயத்தையும் சோதித்துக்கொள்வது நல்லது.

இரத்த அழுத்தம் உயர்ந்தே இருந்தால், அதை எதிர்த்து உழைக்கும் இடக் கீழறையின் சுவர் தடித்து விறைப்படைகிறது. அத்தகைய இதயம் நன்றாகவே சுருங்கலாம். ஆனால் தளர்ந்து இரத்தத்தை நிரப்பிக்கொள்ளச் சிரமப்படும். நீரிழிவு, இரத்தக் குழாயில் அடைப்பு இல்லாதபோதும், இதயத் தசையைப் பாதிக்கக்கூடும். மூச்சு வாங்கும் வேலைகளை நாம் அறியாமலே குறைத்துக்கொள்வதால் இக்குறை வெளியே தெரிவதில்லை.

ஈ.சி.ஜி. இயல்பாக இருப்பதால் மட்டும் இதை இல்லையென்று கூற இயலாது. ஒலி அலைகளால் செய்யப்படும் எக்கோ பரிசோதனை இதைக் காட்டும். ஊசியோ கதிர்வீச்சோ இல்லை. அறிக்கையில் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் விழுக்காட்டை மட்டுமே பலர் பார்க்கின்றனர். அது 60 என்றிருந்தாலும், சுவரின் தடிப்பையும் தளரும் திறனையும் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எக்கோ எல்லோருக்கும் தேவைப்படாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

முன்கூட்டியே அறிவதால் பயன் உண்டு. அந்த விழுக்காடு 35 அல்லது அதற்கும் கீழே இருந்தும் அறிகுறியற்றிருந்தவர்களுக்கு எனலாப்ரில் மாத்திரை அளித்தபோது இதயச் செயலிழப்பு குறைந்ததை 1992-இல் வெளியான சால்வ்ட் ஆய்வு காட்டியது. இதயம் விறைப்படைந்தவர்களுக்கு இரத்த அழுத்தக் கட்டுப்பாடே முதன்மையானது. தொந்தரவு இல்லையென்று மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

2021 முதல் நடைபெறும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடம், அண்மையில் நீங்கள் கைவிட்ட வேலைகளைக் கூறுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் ஆலோசனை பெறலாம்.

பராமரிப்பவர்கள் கவனிக்க: கணுக்கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், மூன்று நாள்களில் 2 கிலோவிற்கு மேல் எடை கூடுதல் ஆகியவை தோன்றினால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நெஞ்சுவலியோ, அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறலோ ஏற்பட்டால் உடனே 108-ஐ அழையுங்கள்.