மஞ்சள் முதல் ஒளிர்சாயம் வரை

தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்கும் தமிழர், மஞ்சளையும் மறவாது வாங்குவர். அம்மஞ்சளை நீரில் கரைத்துச் சிறிது சுண்ணாம்பு சேர்த்தால் செந்நிற ஆரத்தி ஆகும். அதில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் மீண்டும் மஞ்சள் நிறம் பெறும். சுண்ணாம்பு காரம், எலுமிச்சை அமிலம். மஞ்சளிலுள்ள குர்குமின் என்னும் நிறமி, காரத்தில் சிவக்கும். அமிலத்தில் மஞ்சளாகவே இருக்கும்.

அமிலத்தன்மையை எண்ணால் குறிக்கும் பி.எச். அளவுகோலை 1909ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன்சன் வகுத்தார். தூய நீரின் மதிப்பு 7. அதனிற் குறைந்தால் அமிலம், மிகுந்தால் காரம். ஓர் எண் குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு பெருகும். நம் குருதியின் மதிப்பு 7.35 முதல் 7.45 வரை இருத்தல் வேண்டும். இவ்வெல்லையினின்று பெரிதும் பிறழ்ந்தால் உயிருக்கே ஊறு நேரும். இத்துணை நுண்ணிய வேறுபாட்டை மஞ்சளின் நிறங்கொண்டு அளத்தல் இயலாது.

ஆதலின் அறிஞர் ஒளிர்சாயங்களை நாடினர். இவை புறஊதாக் கதிரை ஏற்று, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக உமிழ்வன. காரிருளில் அகல்விளக்கும் தொலைவிலிருந்து தெரிவதுபோல, மிகச் சிறிதளவு சாயத்தின் ஒளியையும் கருவிகள் உணரும்.

1985ஆம் ஆண்டில் இலங்கை அறிஞர் ஏ. பி. டி சில்வாவும் அவருடைய உடன் ஆய்வாளரும் புதுவகை ஒளிர்சாயம் ஒன்றை வெளியிட்டனர். அதற்கு மூன்று உறுப்புகள் உண்டு: ஒளிரும் ஆந்த்ரசீன், ஹைட்ரஜன் அயனியை ஏற்கும் அமீன், இரண்டையும் இணைக்கும் சிறு பாலம். காரக் கரைசலில் அமீன் தன் எலக்ட்ரானை ஆந்த்ரசீனுக்கு அளிப்பதால் ஒளி அணைகிறது. அமிலக் கரைசலில் ஹைட்ரஜன் அயனி அமீனைப் பற்றிக்கொள்கிறது. எலக்ட்ரானை அளிக்க இயலாமையால் சாயம் ஒளிர்கிறது.

அமீனின் வகையை மாற்றினால் சாயம் ஒளிரத் தொடங்கும் பி.எச். மதிப்பும் மாறும். ஆந்த்ரசீன் நீரில் கரையாது; ஆகவே நீரை விரும்பும் பகுதிகளையும் உடன் இணைப்பர். பின்னாளில் இக்கொள்கையில் அமைந்த உணரிகள், குருதியிலுள்ள சோடியத்தை அளக்கும் மருத்துவக் கருவிகளில் இடம்பெற்றன. தேவையை அறிந்து உறுப்புகளைத் தேர்ந்து இணைப்பதே வடிவமைப்பு ஆகும்.

அருஞ்சொற்பொருள்
குருதி – இரத்தம்
பிறழ்தல் – மாறுபடுதல்
ஊறு – தீங்கு
உமிழ்தல் – வெளியிடுதல்

வினாக்கள்
1. ஆரத்தி நீர் எதனால் சிவக்கிறது?
2. பி.எச். மதிப்பு 7இலிருந்து 5 ஆகக் குறைந்தால் அமிலத்தன்மை எத்தனை மடங்கு பெருகும்?
3. டி சில்வாவின் சாயம் அமிலத்தில் ஒளிர்வது ஏன்?