கிண்ணக் காளானும் ஒரு துண்டுச் சீட்டும்



காளான் வரையச் சொன்னா எல்லாரும் குடையைத்தான் வரைவோம். கிண்ணம் மாதிரியும் காளான் உண்டு. மேலே நான் வரைந்து ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்க. இதன் பெயர் குக்கீனா. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், விழுந்து மக்கிக் கிடக்கும் மரக்கிளையில் மழைக்காலத்தில் முளைக்கும். பெரும்பாலும் ரூபாய்க் காசு அளவுதான். ரோஸ், ஆரஞ்சு என்று நிறம் அவ்வளவு அழகு! கிண்ணத்தின் உள்பக்கம் கண்ணுக்குத் தெரியாத பைகள் இருக்கு. ஒவ்வொரு பையிலும் எட்டு வித்துகள். சில கிண்ணக் காளான்களில் மெதுவாக ஊதினால் வித்தெல்லாம் ஒரே நேரத்தில் புகை மாதிரி கிளம்புமாம்.

ஆனால் காய்ந்துவிட்டால் கிண்ணம் சுருங்கி, நிறமும் வெளுத்துப்போகும். அப்புறம் எப்படி அடையாளம் தெரியும்? அதற்குத்தான் ஹெர்பேரியம். செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம் அது. காளானை ஒட்ட முடியாதே! காகித உறையில் போட்டு வைப்பார்கள். கூடவே ஒரு சீட்டு: எந்தக் காடு, எவ்வளவு உயரம், எந்த மரம், எந்தத் தேதி, யார் எடுத்தது, பறித்தபோது என்ன நிறம். இப்படி ஒரு காளான் தொகுப்பு சென்னைப் பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்தில் இருக்கு. நம்ம வண்டலூரில் மின்சார ரயில் ஏறினால் நேரே கிண்டிதான்!

குக்கீனா என்ற பெயர் 1891-இல் வைக்கப்பட்டது. குக் என்ற ஆங்கிலேய அறிஞரின் பெயர் அது. லண்டனில் வேலை பார்த்த அவர், நம் நாட்டுக் காளான்கள் பலவற்றைப் பார்த்தது காட்டில் இல்லை, இங்கிருந்து போன உறைகளில்தான்.

இமயமலையில் முசூரிப் பக்கம் கிடைக்கும் கிண்ணக் காளான்களை, பஞ்சாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.எஸ். திண்ட் 1950-களில் மாணவர்களோடு தேடிப் பதிவு செய்தார். இன்று ஒருவர் அதே மலைக்குப் போய், அது இன்னும் இருக்கா என்று பார்க்கலாம். சீட்டு இல்லையென்றால் எங்கே போய்த் தேடுவது? நம்ம ஊர் உயிரியல் பூங்காவில் ஒரு புலி செத்தால் பேப்பரில் வந்துவிடும். ஒரு காட்டில் இந்தக் கிண்ணம் அழிந்தால் யாருக்குத் தெரியும்? அந்தச் சீட்டு ஒன்றுதான் சாட்சி.

எங்கள் வகுப்பில் இலை ஒட்டும் நோட்டில் இனிமேல் பெயரோடு ஊர், இடம், தேதியும் எழுதலாமா என்று அறிவியல் டீச்சரிடம் கேட்டிருக்கிறேன். யார் சேர்கிறீர்கள்? காளானை மட்டும் பறிக்க வேண்டாம், விஷமும் இருக்கும். பார்த்து வரைந்தால் போதும்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி