நூற்பாலைகளுக்கான ஆற்றல் சேவைகள்

ஆற்றல் சேவை நிறுவனம் என்பது ஒரு தொழிற்சாலையின் மின்சார, எரிபொருள் செலவைக் குறைத்துத் தருவதையும், காற்று, சூரிய ஒளி போன்ற மூலங்களிலிருந்து அதற்கு மின்சாரம் ஏற்பாடு செய்வதையும் தொழிலாகக் கொண்ட நிறுவனம். இச்சேவைகளின் பயனையும் சிக்கலையும் சேர்த்துக் காண ஏற்றவை தமிழ்நாட்டின் நூற்பாலைகள். மூன்று ஷிப்டும் ஓடும் இவற்றில் பஞ்சுக்கு அடுத்த பெரிய செலவுகளுள் மின்சாரமும் ஒன்று.

ஆற்றல் தணிக்கை

சேவை தணிக்கையில் தொடங்குகிறது. 2001ஆம் ஆண்டின் ஆற்றல் சேமிப்புச் சட்டத்தின்படி 2002இல் அமைந்த ஆற்றல் திறன் செயலகம், தேர்வு நடத்தித் தணிக்கையாளர்களுக்குச் சான்றளிக்கிறது. கோயம்புத்தூரிலுள்ள தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கமும் ஆலைகளில் தணிக்கை செய்கிறது.

மின்சாரத்தில் பெரும்பங்கை ரிங் பிரேம்கள் எடுத்துக்கொள்கின்றன. ஆனால் அவற்றை மாற்றப் பெரும் முதலீடு வேண்டும். விரைவில் பலன் தருபவை துணை இயந்திரங்களே. கம்பரசரை எடுத்துக்கொள்வோம். ஆலைக்கு விடுமுறையான நாளில் காற்றுக் குழாய்களைத் திறந்தே வைத்து, கம்பரசரை மட்டும் ஓட்ட வேண்டும். காற்றைப் பயன்படுத்த எந்த இயந்திரமும் இல்லாதபோதும் அது 2 நிமிடம் சுமையோடும் 6 நிமிடம் சுமையின்றியும் மாறி மாறி ஓடினால், அதன் திறனில் கால் பங்கு கசிந்துகொண்டிருக்கிறது என்று பொருள். இதற்கு ஒரு கடிகாரம் போதும்.

அடுத்தது கூடத்தின் ஈரப்பதத்தைக் காக்கும் மின்விசிறிகள். விசிறி இழுக்கும் மின்சாரம், ஏறத்தாழ அதன் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்துக்கு ஏற்ப மாறும். ஆகவே இன்வெர்ட்டர் டிரைவ் பொருத்தி வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிறது. குளிர்ந்த, ஈரமான நாட்களில் இது நன்றாக நடக்கும். கோடையில் அளவுக்கு மீறிக் குறைத்தால் நூல் அறுந்துபோகும். முதலில் புகார் சொல்பவர் ஸ்பின்னிங் மாஸ்டராகத்தான் இருப்பார். அவரைக் கேட்காமல் எழுதப்படும் தணிக்கை அறிக்கை பெரும்பாலும் அலமாரியிலேயே தங்கிவிடுகிறது.

ஒப்பந்தம்

சில ஒப்பந்தங்களில் சேவை நிறுவனமே கருவிகளை வாங்கிப் பொருத்தி, மிச்சமாகும் தொகையில் பங்கு பெறும். வேறு சிலவற்றில் ஆலை முதலீடு செய்யும். இவ்வளவு மிச்சமாகும் என்று நிறுவனம் உறுதி தரும். இரண்டிலும் தகராறு ஒரே இடத்தில்தான் எழும்: எதனோடு ஒப்பிட்டு மிச்சம்? 40ஆம் நம்பர் நூல் நூற்ற ஆலை 60ஆம் நம்பருக்கு மாறினால், ஒரு கிலோ நூலுக்கு ஆகும் யூனிட் தானாகவே உயரும். மின் கட்டண ரசீதை மட்டும் பார்த்தால் சேமிப்பே நடக்கவில்லை என்று தோன்றும். அதனால்தான் எல்லா நூலையும் 40ஆம் நம்பருக்கு மாற்றி, கிலோவுக்கு இத்தனை யூனிட் என்று கணக்கிடும் முறை ஆலைகளில் உள்ளது. இந்தக் கணக்கைக் கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது.

காற்றாலை மின்சாரம்

பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை பலமாகக் காற்று வீசும். தமிழ்நாட்டின் பல நூற்பாலைகள் அங்கே சொந்தக் காற்றாலைகளை நிறுவி, மின்வாரியத்தின் கம்பிகள் வழியே மின்சாரத்தைக் கொண்டுவருகின்றன. அதற்கு வாரியத்துக்குக் கட்டணம் உண்டு.

சொந்தமாக நிறுவ முடியாத ஆலைகள் கூட்டாகப் பங்கு வாங்கலாம். 2005ஆம் ஆண்டின் மின்சார விதிகளின்படி, பயனாளர்களிடம் குறைந்தது 26 சதவீத உரிமை இருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்தவும் வேண்டும். தவறினால் சொந்த உற்பத்தி என்ற தகுதி போய், குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் செலுத்த நேரிடும். கூட்டு அமைப்புகளில் ஒவ்வொருவரின் பயன்பாடும் அவரவர் பங்குக்கு ஏற்றதாக இருக்கிறதா என்பதும் பார்க்கப்படுகிறது.

இங்கேதான் இரண்டு சேவைகளும் மோதிக்கொள்ளலாம். இன்றைய தேவையைக் கணக்கிட்டு நிறையப் பங்கு வாங்கிய ஆலை, அடுத்த ஆண்டு கசிவுகளை அடைத்து, விசிறி வேகத்தைக் குறைத்தால், அதன் பயன்பாடு பங்குக்குரிய அளவுக்குக் கீழே இறங்கக்கூடும். முதலில் தணிக்கை செய்து தேவையைக் குறைத்துவிட்டு, பிறகு எத்தனை யூனிட்டுக்குப் பங்கு வாங்குவது என்று முடிவு செய்யும் ஆலைக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்க வேண்டிய பங்கும் குறையும்.