வீட்டுப் பணியும் மாலை ஓய்வும்

உழைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது யாவரும் அறிந்ததே. ஆயினும் வேலையை நிறுத்துவது ஒன்று. ஓய்வு பெறுவது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே கணத்தில் நிகழ்வன அல்ல. வீட்டிலிருந்தே அலுவல் புரிவோரிடம் இவ்வேறுபாடு தெளிவாகப் புலப்படுகின்றது. கணிப்பொறியை மூடிய பின்னரும் களைப்புத் தீராமை, படுத்தும் உறக்கம் வாராமை, சிறு காரணத்துக்கும் எரிச்சல் கொள்ளுதல் ஆகியவற்றை அவர்களுட் பலர் அனுபவிக்கின்றனர். இவற்றின் காரணங்களை உடலியலும் உளவியலும் விளக்குகின்றன.

பழைய வழக்கம், புதிய நிலை

வீட்டில் தொழில் செய்வது இந்தியாவுக்குப் புதிதன்று. 2019-20ஆம் ஆண்டில் நடைபெற்ற நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நெசவிலும் அதனைச் சார்ந்த வேலைகளிலும் ஈடுபட்டிருந்தோர் சுமார் 35 லட்சம் பேர். இவர்களுட் பெரும்பாலோர் தம் இல்லங்களிலேயே தொழில் புரிபவர்கள். மின்விளக்கு பரவுவதற்கு முன்னர், நெசவாளரின் வேலைநாளைப் பெரும்பாலும் கதிரவனே முடித்து வைத்தது. ஒளி குன்றியதும் நுண்ணிய இழை கண்ணுக்குத் தெரியாது. அவர் தறியை விட்டு எழுவார்.

அலுவலகத்துக்குச் சென்று உழைப்போருக்கு இவ்வெல்லையைக் கடிகாரமும் பயணமும் வகுத்தன. 2020 மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது, எண்ணற்ற அலுவலர்களின் பணி வீட்டிற்குள் புகுந்தது. ஊரடங்கு நீங்கிய பின்னரும் பலருக்கு வாரத்தில் சில நாட்களேனும் அந்நிலை தொடர்கின்றது. பஸ்ஸிலும் ரயிலிலும் நெருக்குண்டு செல்லும் தொல்லை ஒழிந்தது உண்மையே. ஆனால் அப்பயணம் ஆற்றி வந்த ஒரு பணியும் அத்துடன் ஒழிந்தது. வேலைக்கும் வீட்டுக்கும் இடையே, உடலும் மனமும் தணிவதற்கு அது அவகாசம் அளித்து வந்தது.

உடல் தணியும் விதம்

அவசரமும் கவலையும் நேரும்போது, சிறுநீரகங்களின் மேலமைந்த அட்ரினல் சுரப்பிகள் அட்ரினலின், கார்ட்டிசால் என்னும் பொருள்களை இரத்தத்தில் விடுகின்றன. இதயத் துடிப்பு விரைகின்றது. இரத்த அழுத்தம் உயர்கின்றது. இவற்றுள் அட்ரினலின் சில நிமிடங்களில் குறைந்துவிடும். கார்ட்டிசாலோ பாதியளவு குறைவதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகக்கூடும். ஆகவே நாற்காலியை விட்டு எழுந்த மறுகணமே உடல் அமைதியடையும் என்று எதிர்பார்ப்பது பொருந்தாது.

இந்த இடைவேளையில் மீண்டும் ஓர் அலுவலகச் செய்தி வந்து கவலையை எழுப்பினால், தணியத் தொடங்கிய உடல் திரும்பவும் விழிப்புற்றெழும். நாள்தோறும் இவ்வாறு நிகழுமாயின், முந்தைய நாளின் களைப்பு தீருமுன்பே மறுநாள் உழைப்பு தொடங்குகின்றது. நெதர்லாந்தைச் சேர்ந்த மைமன், முல்டர் என்னும் ஆராய்ச்சியாளர்கள் 1998இல் இக்கருத்தை விரிவாக எடுத்துரைத்தனர்.

நெடுநேர உழைப்பின் கேடு களைப்போடு நிற்பதில்லை. உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்தில் 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்போருக்கு, 35 முதல் 40 மணி வரை உழைப்போரைக் காட்டிலும், பக்கவாதம் நேரும் வாய்ப்பு சுமார் 35 சதவீதம் மிகுதி; இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதம் மிகுதி. வேலைக்கு எல்லை இல்லாத வீட்டில் 40 மணி 55 ஆவது எளிது.

முடியாத வேலையும் மனமும்

1920களில் பெர்லினில் மரியா ஓவ்ஸியான்கினா என்னும் உளவியலார் சோதனைகள் சில நடத்தினார். சிறு வேலைகளைச் செய்து கொண்டிருந்தோரை இடையில் தடுத்து, பின்னர் அவர்கள் விருப்பப்படி இருக்க விட்டார். யாரும் பணிக்காமலேயே பெரும்பாலோர் விட்ட வேலையைத் தொடர்ந்தனர். முடியாத காரியம் மனத்தைத் தன்பால் இழுக்கும் என்பது இதனாற் பெறப்பட்டது. வேலை மேசை கண்ணெதிரே இருக்கும் வீட்டில் இவ்விழுப்பு ஓய்வதற்கு வழியில்லை.

இதற்கு எளிய பரிகாரம் ஒன்றுண்டு. அமெரிக்காவின் பெய்லர் பல்கலைக் கழகத்தில் 57 இளைஞர்களைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2018இல் வெளியாயிற்று. படுக்குமுன் ஐந்து நிமிடம், இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதி வைத்தவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிட ஏறத்தாழ 9 நிமிடம் முன்னதாகவே உறங்கினர். மனம் சுமக்க வேண்டியதைத் தாள் சுமந்தது எனலாம்.

ஒளியும் காப்பியும்

விழித்திரையில் மெலனாப்சின் என்னும் நிறமி கொண்ட நரம்பு உயிரணுக்கள் உள்ளன. சுமார் 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளி இவற்றை மிகுதியாகத் தூண்டும். அப்போது மூளையின் பினியல் சுரப்பி, உறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும். எனவே இரவில் பளிச்சிடும் வெண்ணொளியும், நெடுநேரம் திரையை நோக்குவதும் உறக்கத்துக்கு உகந்தவை அல்ல. காப்பியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன் பாதியாகக் குறைவதற்குச் சராசரி ஐந்து மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்கு அருந்தியதில் பாதி இரவு 11 மணிக்கும் உடலில் இருக்கும்.

மேற்கொள்ளத்தக்கவை

வேலை முடியும் நேரத்தை முன்னரே வரையறுத்தல் வேண்டும். மறுநாட் பணிகளை எழுதிவைத்து, கணிப்பொறியைக் கண்ணில் படாத இடத்தில் வைப்பது நலம். பின்னர் வீட்டை விட்டு வெளியே சென்று அரைமணி நேரம் நடக்கலாம். இது இழந்த பயணத்தின் பயனை ஓரளவு மீட்டளிக்கும். தொலைவில் உள்ள மரத்தையோ வானத்தையோ நோக்கினால், அண்மைப் பார்வையால் இறுகிய கண் தசைகள் தளரும். வெறுமனே கிடப்பது மட்டும் ஓய்வாகாது. வேலையை மறத்தல், அமைதியாயிருத்தல், புதிய திறமை பயிலுதல், தன் நேரத்தைத் தானே ஆளுதல் என நான்கு வகையில் களைப்பு நீங்கும் என ஸோனென்டாக், ஃபிரிட்ஸ் ஆகியோர் 2007இல் வகுத்துக் காட்டினர்.

இந்நான்காவது வகை இந்தியப் பெண்களுக்கு எளிதில் கிட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமற்ற வீட்டு வேலைகளில் ஈடுபட்ட பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டமை தெரியவந்தது. கணிப்பொறியை மூடியதும் அடுப்பை மூட்ட வேண்டிய பெண்ணுக்கு, வேலைநாள் முடிவதில்லை. வேலை மாறுகின்றது, அவ்வளவே. ஆதலின் மாலை ஓய்வு என்பது தனியொருவரின் பழக்கத்தை மட்டும் சார்ந்ததன்று. அலுவலகம் இரவுச் செய்திகளைத் தவிர்த்து, குடும்பத்தார் வீட்டு வேலையைப் பகிர்ந்துகொண்டால்தான், வீட்டில் உழைப்போர் அனைவருக்கும் அது கிட்டும்.