சாப்பாட்டுக்கு முன் இரண்டு டம்ளர்

மதுரை வெயிலில் கால் தானாக ஜிகர்தண்டா கடைக்குப் போகும். சுண்டக் காய்ச்சிய பால், பாதாம் பிசின், நன்னாரி சர்பத், மேலே ஐஸ்கிரீம். ருசிக்கும் குறைவில்லை, கலோரிக்கும் குறைவில்லை.

எடை குறைய வேண்டுமானால், அதற்குப் பதில் தண்ணீர் குடியுங்கள்; தண்ணீரில் கலோரியே கிடையாது. அது கொழுப்பைக் கரைக்கும் என்பதை மட்டும் நம்பாதீர்கள்; வயிற்றை நிறைத்து, சாப்பாட்டைக் குறைக்கிறது, அவ்வளவுதான். 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், உணவைக் குறைத்ததோடு ஒவ்வொரு வேளைக்கும் முன் அரை லிட்டர் தண்ணீரும் குடித்த 55 வயது தாண்டியவர்கள், 12 வாரத்தில், உணவை மட்டும் குறைத்தவர்களைவிடச் சுமார் 2 கிலோ கூடுதலாக இளைத்தார்கள்.

வெறும் தண்ணீர் அலுத்தால், சித்திரைத் திருவிழாவில் பந்தலுக்குப் பந்தல் கொடுக்கிறார்களே, அந்த நீர்மோர் குடியுங்கள்; உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள், எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.