நுரைநீரும் தடுப்பணையும்

பாறைகள் நிறைந்த சரிவில் ஆறு விரைந்து இறங்கும்போது நீருடன் காற்றுக் கலந்து வெண்ணுரையாகப் பொங்குகின்றது. அப்பெருக்கின்மீது ரப்பர் மிதவையில் ஏறிச் செல்வதை இன்று பலர் விளையாட்டாக மேற்கொள்கின்றனர். இதனை ஆங்கிலத்தில் ‘ஒயிட் வாட்டர் ராஃப்டிங்’ என்பர். ‘வெண்ணீர்’ என மொழிபெயர்த்தால் கேட்போர் காதில் ‘வெந்நீர்’ என்றே விழும். ஆதலின் ‘நுரைநீர்’ என்னும் சொல்லை இக்கட்டுரையில் வழங்குவோம்.

1869 ஆம் ஆண்டில் ஒற்றைக் கையரான பவல் என்னும் அமெரிக்கர், தம்முடன் ஒன்பது பேரைச் சேர்த்துக்கொண்டு நான்கு மரப்படகுகளில் கொலராடோ ஆற்றின் பள்ளத்தாக்குகளை ஆராயப் புறப்பட்டார். பயணத்தின் தொடக்கத்திலேயே ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின், இராணுவத்தினரிடம் எஞ்சிய ரப்பர் மிதவைகள் பொதுமக்கள் கைக்கு வந்த பின்னரே இது விளையாட்டாகப் பரவிற்று. நம் நாட்டில் ரிஷிகேசத்துக்கு மேலுள்ள கங்கை இதற்குப் பெயர் பெற்றது. மழைக்காலத்தில் அங்கு மிதவைகள் நிறுத்தப்படுகின்றன. கேரளத்திலோ மழைக்காலமே பருவம். கோழிக்கோடு மாவட்டத்துச் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் 2013 ஆம் ஆண்டு முதல் நுரைநீர்ப் படகுப் போட்டிகள் நடைபெற்று வந்துள்ளன.

இவ்விளையாட்டின் உற்சாகத்துக்கும் அபாயத்துக்கும் காரணம் ஒன்றே. ஓடும் நீரின் விசை, வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்து வளர்கின்றது. நீரோட்டத்தை எதிர்த்து நிற்கும் ஒருவனின் உடற்பரப்பில் அரைச் சதுர மீட்டர் நீரில் உள்ளது எனக் கொள்வோம். நீர் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடினால், அவனைத் தள்ளும் விசை ஏறத்தாழ 25 கிலோகிராம் எடைக்குச் சமம். வேகம் 2 மீட்டர் ஆயின் அது 50 ஆகாது, 100 ஆகும். 3 மீட்டர் ஆயின் 225 ஆகும். மூன்று மீட்டர் என்பது மணிக்கு 11 கிலோமீட்டருக்குள் அடங்குவது. ஒரு சிறுவன் மிதிவண்டியில் செல்லும் வேகமே. கரையில் நின்று பார்ப்பவன் இதனை வேகம் என்றே கருதமாட்டான்.

எனினும், இயற்கையான பாறைப் பாய்ச்சல் ஒரு வகையில் இரக்கமுடையது எனலாம். பாறைகள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் நீர் இடையிடையே பிளந்து வழி விடுகின்றது. பெரும்பாறையின் பின்புறத்தில் நீர் மேல்நோக்கித் திரும்பி மெல்லச் சுழலும். தேர்ந்த படகோட்டிகள் அச்சுழலுக்குள் மிதவையைத் திருப்பி இளைப்பாறுவர். நீரில் விழுந்தவனையும் பாய்ச்சல் பெரும்பாலும் கீழே கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

தடுப்பணை அவ்வாறன்று. கரையிலிருந்து கரைவரை ஒரே மட்டமாகக் கட்டப்பட்ட சுவரின்மீது நீர் வழிந்து அடிவரை பாய்கின்றது. அவ்வாறு பாய்ந்த நீரில் ஒரு பகுதி சற்றுத் தொலைவில் மேலெழுந்து, மேற்பரப்பில் மீண்டும் சுவரை நோக்கித் திரும்புகின்றது. அதில் அகப்பட்ட பொருள் சுவரண்டை இழுக்கப்பட்டு, அழுந்தி, எழுந்து, மறுபடியும் இழுக்கப்படும். பக்கவாட்டில் தப்புதற்கு இடைவெளி கிடையாது. மேலும், அந்நீரில் மூன்றில் ஒரு பங்கு காற்றுக் குமிழிகளாயின், அதன் அடர்த்தியும் அவ்வளவு குறையும்; மிதவைச் சட்டை தாங்கும் சுமையும் அவ்வளவே குறையும். மீட்கச் செல்லும் படகு கீழ்ப்புறமிருந்து நெருங்கினாலும், அதையும் அத்திரும்பு நீர் உள்ளே இழுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் மேற்புறத்திலிருந்து பார்ப்போர்க்குத் தெரிவது கண்ணாடி போன்ற நீர்ப்பரப்பும் அதன் விளிம்பில் ஒரு கோடும் மட்டுமே.

நல்லேப்பிள்ளி வட்டாரத்து ஆசிரியர்கள் இதனைக் கருத வேண்டியது அவசியம். இங்கு மிதவை விளையாட்டு இல்லை. ஆனால் சித்தூர்ப்புழையில் தடுப்பணைகள் உண்டு. துயர் களைபவள் என்னும் பொருளில் சோகநாசினி என்று பெயர் பெற்ற இவ்வாறு, ஆழியாற்று நீரைப் பெற்று, மணக்கடவைக் கடந்து மூலத்தறை ரெகுலேட்டரை அடைந்து கீழே வருகின்றது. இங்கே வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்திருக்கலாம், மதகுகள் திறக்கப்பட்டிருக்கலாம். 2024 ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் இவ்வாற்றில் குளிக்க இறங்கிய நால்வர், நீர் உயர்ந்து நடு ஆற்றில் சிக்கிக்கொண்டனர். தீயணைப்புப் படையினர் கயிற்றின் உதவியால் நால்வரையும் உயிருடன் கரை சேர்த்தனர். தெளிந்த நீர் திடீரெனக் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், நீரின் ஓசை மாறுதல் ஆகியன நீர் உயர்வதற்கு முன்னறிகுறிகள். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் துணியை எடுக்கவும் நில்லாமல் கரையேற வேண்டும்.

வகுப்பில் படம் வரைந்து விளக்குவதைவிட, வயல் வாய்க்காலில் நீர் ஒரு முழம் இறங்கி விழும் இடத்துக்கு மாணவரை அழைத்துச் செல்வது நன்று. விழும் நீரின் அடியில் ஒரு தேங்காய் மட்டையை இடுக. அது வாய்க்காலோடு போய்விடும் என்றே மாணவர் கூறுவர். பல இடங்களில் அது போகாது. அங்கேயே புரண்டு புரண்டு கிடக்கும். எவ்வளவு நேரம் கிடக்கின்றது என்று கடிகாரத்தைக் கொண்டு எண்ணச் செய்யலாம்.

விரைந்தோடும் நீரில் விழுந்தவன் எழுந்து நிற்க முயலுதல் கூடாது. பாறையிடுக்கில் பாதம் சிக்கினால் நீரே அவனை முன்னே சாய்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்நீர்ப் பக்கம் நீட்டி, முகத்தை மேலே வைத்து மிதந்து, கரைநோக்கிக் கைகளால் துழாவ வேண்டும். ஆற்றில் சாய்ந்து கிடக்கும் மூங்கிற் புதரைப் பற்றுக்கோடு என நம்புதல் பெரும்பிழை. நீர் அதன் ஊடே போகும், மனிதன் போகமாட்டான்.

மீட்போர் குதித்தலாகாது. ஆற்றை அடுத்த பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் இருபது மீட்டர் கயிறும், அதன் நுனியில் மூடி இறுகிய காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றும் தயாராக இருப்பது நலம். கேனை விழுந்தவனுக்கு அப்பால் எறிந்தால் கயிறு அவன்மீது படியும். எறிபவர் கயிற்றைத் தம் இடுப்பில் கட்டிக்கொள்ளாமல், விளிம்பிலிருந்து விலகி உட்கார்ந்து, இரு கைகளாலும் பற்றியிருந்தால் போதும், இழுக்கவும் வேண்டியதில்லை. நீரோட்டமே அவனைக் கடிகாரத்தின் ஊசல் போல வளைவாகச் சுற்றிக் கரையில் சேர்க்கும்.